நீ கணக்கில் விட்ட மேல் மலைத் தண்ணீர்

அன்புள்ள அண்ணா,

நீ போய் எட்டு மாதம். அழுது முடித்துவிட்டேன். இப்போது உன்மேல் கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நமுனுகுலையில் நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே எழும்பிய ஹோட்டலுக்கு மழைத் தண்ணீர் தேக்கும் தொட்டி வரைந்து கொடுத்தாயே, போன வாரம் அதன் கரை உடைந்தது. பகல் மழை, ஒரு மணி நேரம்கூடப் பெய்யவில்லை. சேறும் தண்ணீருமாக வந்து லயத்தின் பின்சுவர்களைத் தள்ளிவிட்டது. எல்லோரும் கொழுந்து பறிக்க மலையில் நின்றதால் உயிர் தப்பினார்கள். அம்மாவோடு பன்னிரண்டு குடும்பம் இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில்.

"எம் மகன் போட்ட கணக்கு பிழையாகாது. வேற என்னமோ நடந்திருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றி எரிகிறது.

ஹோட்டல் முதலாளி என்ன சொல்கிறார் தெரியுமா? "செத்தவரப் பத்தி என்னத்தப் பேச? இஞ்சினியர் குடுத்த அளவுக்குத்தான் கட்டுனோம்." கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதே தொட்டியை நம்பி இரண்டாவது கட்டடத்துக்கு மண் வெட்டுகிறார்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நானும் இதே தொழில் பார்க்கிறவள்தானே, உன் ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். முதல் தாளில் நானூற்றிருபது கன மீட்டர். கூரைத் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர், மேலே தேயிலைக்கு நடுவே மழைநீர் வடிய வெட்டிய கான் வழியாக இறங்கும் தண்ணீர், எல்லாம் இருந்தது. இரண்டாவது தாளில் கான் தண்ணீரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'எல்லைக்கு வெளியே' என்று எழுதியிருக்கிறாய். நூற்று நாற்பது. அதில்தான் உன் கையெழுத்து.

எல்லைக் கம்பியைப் பார்த்துத் தண்ணீர் நின்றுவிடுமா? லீவு நாட்களில் அப்பாவோடு அந்தக் கானை வெட்டியவனே நீதானே! அது எங்கே வந்து விழும் என்று உனக்கா தெரியாது? தொட்டியைச் சின்னதாக்கச் சொல்லி முதலாளி மிரட்டினாரா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

நாளை விசாரணை. முதல் தாளை நான் ஒளித்துவிட்டால், ஏதோ கணக்குப் பிழை என்று உன்னோடு முடிந்துவிடும். இரண்டாவது கட்டடமும் எழும்பும். கொடுத்தால் அந்த வேலை நின்றுபோகும், ஆனால் நீ தெரிந்தே கையெழுத்துப் போட்டது ஊருக்கெல்லாம் தெரியவரும்.

இரண்டு தாளையும் கொடுக்கிறேன், அண்ணா. அதற்கு முன்னால், இன்று சாயந்தரம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிவிடுவேன். வேறு யார் வாயாலும் அவள் கேட்க விடமாட்டேன்.

இன்னமும் உன்னை அண்ணன் என்று சொல்லிக்கொள்ளும்,
தங்கச்சி சாந்தி