எழுந்து போக இடமில்லாத வண்டி

மச்சான்,

இன்று காலை மார்க்கெட்டில் மந்தாரை இலைக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்த அந்த இலையின் வாசனை பட்டதும் காய் வாங்க வந்ததே மறந்துபோய்விட்டது. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, திரும்பிவிட்டேன். "காய் எங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருக்கிறேன். என் சின்னவன் கல்யாணத்துக்குச் சமையல் யார் என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

நேற்று நான் உன் பெண் ஸ்டெல்லாவின் பெயரைச் சொன்னேன். என் அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் வரமாட்டேன்பா" என்றார். சத்தம் போடவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்தக் குரல்தான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நாம் வேலை பார்த்த ரயில் வண்டிதான் ஞாபகம் வருகிறது. வெல்வெட் நாற்காலி, பித்தளை விளக்கு, அறைக்கு அறை வெந்நீர். வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுப் பணக்காரர்களும் பகலெல்லாம் கோயிலும் கோட்டையும் பார்த்துவிட்டு வந்து படுக்கிற வண்டி. நீ சமையல் பெட்டியில், நான் படுக்கை விரிக்கிற வேலையில். முதல் நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னாபா, காஞ்சிபுரமா?" என்றாய். திருப்புட்குழி என்றேன். "நான் ஏனாத்தூரு பக்கம். காலனி" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையை நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாய், எதிராளி முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க. என் முகம் எப்படிப் போனது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைசிவரை நீ சொல்லவில்லை, திருட்டுப் பயலே.

சாப்பாட்டுப் பெட்டியின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய அமெரிக்க ரயில் படம் உனக்கு நினைவிருக்குமே. எஞ்சினின் மூக்கு வழவழவென்று வளைந்து, வண்டி முழுக்க வெள்ளித் தகடு போர்த்தியதுபோல் இருக்கும். ஒருமுறை வயதான அமெரிக்க அம்மா ஒருவர் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார். சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு வண்டியில் சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரைவரை போனாராம். கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்த்ததையும், மேஜைக்கு மேஜை புதுப் பூ வைத்திருந்ததையும் கை விரித்துச் சொன்னார். நீ சமையல் பெட்டிக் கதவிடுக்கில் நின்று என்னைச் சுரண்டினாய். "சமைச்சது யாருன்னு கேளுபா."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அந்த அம்மா யோசித்தார். பரிமாறியவர்கள் எல்லாரும் கறுப்பர்கள், மிகவும் மரியாதையானவர்கள், சமைத்தவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். உன்னிடம் வந்து சொன்னேன். கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"ஆனா எல்லாரும் துன்னாங்க இல்ல?"

"துன்னாங்கதான்."

"அப்புறம் இன்னா" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாய்.

நம் ஊர் குடலை இட்லியை அந்த வண்டியில் செய்துகாட்டுகிறேன் என்று நீ பிடித்த பிடிவாதம் இருக்கிறதே! சும்மா கிடக்காமல் மானேஜரிடம் போய் வாக்குக் கொடுத்துவிட்டாய். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட மாவை ஊற்றி மணிக்கணக்காக ஆவியில் வைக்க வேண்டிய பண்டம். நிற்கிற அடுப்பிலேயே அதற்குப் பொறுமை வேண்டும். வண்டி வளைவில் சாய்ந்தது, மாவும் சாய்ந்தது. திறந்து பார்த்தால் இட்லி ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் அமுங்கியும் நின்றது. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். நான் அதை அப்படியே வட்டமாக அறுத்து எடுத்துப்போய்ப் பரிமாறினேன். ஒருவர் ஏன் இப்படிச் சரிந்திருக்கிறது என்று கேட்டார். எங்கள் ஊரில் இது சூரியனைப் பார்த்துத்தான் வளரும் என்று சொல்லிவிட்டேன். அவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு இன்னொரு வில்லை கேட்டார்.

அடுத்த பயணத்தில் ஆவிப் பானையின் வாயில் ஒரு கம்பியைக் குறுக்கே வைத்து, குடலையைத் தூளிபோல் அதில் தொங்கவிட்டாய். வண்டி எப்படி ஆடினாலும் இட்லி நேராக வந்தது. அன்றைக்கு அவர்களைச் செங்கல்பட்டில் இறக்கிப் பேருந்தில் நம் ஊர்க் கோயில்களைப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து உன் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் சாப்பிட்டதைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள். நீ அந்தப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தாய். உனக்கு உட்காரவே தெரியாது.

அந்த வண்டியில் உன்னைக் கொண்டாடினார்கள். இந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில்கூட உன்னை அடுப்பு மூட்டவிடவில்லை. கூப்பிட்டு, பேசி முடித்து, வீடு எங்கே என்று விசாரித்த பிறகு வேறு ஆளைப் போட்டார்கள். அதனால்தான் என் பெரியவள் கல்யாணத்துக்கு நீதான் சமைக்க வேண்டும் என்று உன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தேன். நீ மறுத்தாய். நான் கோபித்துக்கொண்டேன். அப்போது நீ சொன்னதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"மச்சான், உன் வூட்டு கல்யாணத்துல ஒருத்தன் எலைய வுட்டு எழுந்து போனா, நான் அந்த மூஞ்சிய பாத்துக்கினு நிக்கணும். வண்டில அந்தப் பேச்சே கெடையாது. ஓடுற வண்டில எங்க எழுந்து போவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை. மறு வாரமே வண்டிக்குப் போய்விட்டாய். அந்த வண்டியை விட்டு நீ இறங்கியது நோயில் விழுந்த பிறகுதான். உன் கையால் ஒரு பந்தி சாப்பிடாமலே ஊர் உன்னை மண்ணுக்கு அனுப்பிவிட்டது.

இதுவரை எழுதியதை அப்படியே போட்டுவிட்டு ஏனாத்தூருக்குப் போய் வந்தேன். இனிமேலும் மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காலேஜ் பக்கம் ஸ்டெல்லா போட்டிருக்கும் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவரைப் பார்த்து இன்னும் சிலர் சாப்பிடாமல் கிளம்பலாம் என்றேன். "உன் அப்பாவ நான் கூப்பிட்டப்போ இத நெனச்சித்தான் அவர் வரல. நீயும் வேணாம்னா எனக்கு வருத்தமில்லம்மா" என்றேன்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அப்பா வேற மாமா. அவருக்கு வண்டி இருந்துச்சி. எனக்கு இந்த ஊருதான இருக்குது? நான் எங்க போவேன்?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்மா."

"இருக்கட்டும். எத்தன பேருக்கு எல போடணும், அத்த சொல்லுங்க."

சொன்னேன். அண்ணனையும் சேர்த்துத்தான் சொன்னேன். வருவாரா என்று தெரியாது. வந்து, யார் சமையல் என்று இன்னொரு தடவை கேட்டு, இலையை மடிக்காமலே எழுந்தும் போகலாம். அவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் மச்சான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ஸ்டெல்லா உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பந்தி வாசலில் நான் நிற்கிறேன். நீ பார்க்க மாட்டேன் என்ற முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.