முப்பத்தெட்டாவது பின் உங்கள் பக்கம்தான், மதினி

என் பிரியமான மதினிக்கு,

நீங்க போய் எட்டு மாசம் ஆச்சு. சொல்ல ஒரு சேதி இருக்கு. உங்க பைண்டிங்கை ஏத்துக்கிட்டாங்க. உங்க பெயரோடயே.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம்வரை இராஜபாளையத்து வீட்டுல உக்காந்து நீங்க எழுதினது. அண்ணன் பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்புறப்பல்லாம் கேக்குறான்: "ஏட்டி, அம்புட்டு நாளா என்னதான் எழுதுனா அவ?" அவன்கிட்ட இப்படித்தான் சொல்லுவேன்: சிப்புக்கு நிறைய கால் உண்டு, பின்னுன்னு சொல்லுவோம். எந்தப் பின் எந்தெந்த வேலை பார்க்கும்னு டிவைஸ் ட்ரீங்கிற பட்டியல்ல எழுதி வச்சாத்தான், மெஷினை ஓட்டுற அடி மென்பொருளான கெர்னலுக்குத் தெரியும். அதை எப்படி எழுதணும்ங்கிற விதிதான் பைண்டிங். உலகத்துல யார் வேணா படிச்சுக் குறை சொல்லலாம். அம்புட்டுக் குறையும் தீரணும்.

நீங்க போன பொறவுதான் அந்தக் கேள்வி வந்துச்சு. "முப்பத்தெட்டாவது பின்னுக்கு, வயரில் எழுத்தை அனுப்பி வாங்கும் சீரியல் வேலையும் போட்டிருக்கிறீர்கள். சிப்பின் மேனுவலில் அது இல்லையே?" வெளிநாட்டு ரிவ்யூவர் ஒருத்தர் கேட்டிருந்தார்.

நம்ம டீம் லீடர் எனக்குப் போன் போட்டார். "அந்த வரியை எடுத்துரும்மா. உடம்பு முடியாதப்ப எழுதுனது, தப்பு வரத்தான் செய்யும். அப்படியே அவங்க பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுரு. நாளைக்குச் சந்தேகம் வந்தா, இல்லாதவங்களுக்கு யார் மெயில் அனுப்புறது?"

"ரெண்டையும் எடுக்க மாட்டேன் சார்"னேன். நீங்க சேர்த்துவிட்ட வேலையில எனக்கு ஒரு வருசம்கூட ஆகல.

மறுநாள் காலையில ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிட்டேன். அந்தச் சிப்பு இருக்கிற உங்க போர்டு உங்க அம்மா வீட்டு பீரோவுல, சேலைகளுக்கு நடுவுல இருந்துச்சு. அத்தை தொட விடல. "அவ கை பட்ட சாமான். யாரும் எடுக்கக் கூடாது."

"அவிய தப்பா எழுதிட்டாகன்னு சொல்றாங்க அத்தை"ன்னேன்.

பொறவு அவங்களே போர்டை எடுத்துட்டு வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைச்சு வச்சாங்க.

நீங்க எழுதினபடியே அந்தப் பின்னைச் சீரியலுக்கு மாத்தி, வயரைக் குத்தி லேப்டாப்பைப் பார்த்தேன். ஒண்ணுமே வரல. அனுப்புற வயரையும் வாங்குற வயரையும் மாத்திக் குத்தியிருக்கேன், மடச்சி. சரிபண்ணினதும் எழுத்து மளமளன்னு வந்து விழுந்துச்சு. நீங்க எழுதினதுதான் சரி. மேனுவல்தான் தப்பு. அத்தைக்கு ஒண்ணும் புரியல, ஆனா அழுதாங்க.

அதை அப்படியே எல்லாரும் படிக்கிற இடத்துல போட்டேன். எழுதினவர் உங்க பெயர், அனுப்பினவர் என் பெயர். ரிவ்யூவர் ஒத்துக்கிட்டார். உதாரணத்துல ஒரு அரைப்புள்ளி விட்டிருந்தீங்க, அதை மட்டும் நான் திருத்தினேன். கோவிச்சுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஒரு பின் விடாம எழுதின நீங்க, உங்க வயித்து வலியை மட்டும் ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க?

இப்ப டீம்ல யார் பைண்டிங் எழுதினாலும் முதல் ரிவ்யூ நான்தான். போன வாரம் டீம் லீடர் எழுதினதே வந்துச்சு. நம்ம போர்டுக்குத் தேவையில்லைன்னு நாலு பின்னை விட்டிருந்தார். "சிப்புல இருக்கிறதை முழுசா எழுதுங்க சார்"னு திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கிட்டே எழுதிக் குடுத்தார்.

இனியும் இப்படித்தான் மதினி. ஆள் இல்லைங்கிற தைரியத்துல ஒருத்தர் உழைப்பை அழிக்க வந்தா, வேலையே போனாலும் விடமாட்டேன். இது உங்க மேல சத்தியம்.

உங்களுக்காகச் சண்டை போடும் நாத்தனார்,
சுகந்தி