பேசாத சபையில் மூன்று ஞாயிறுகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று பெட்டிகளைப் படித்தேன். தீப்பெட்டி, மாத்திரைப் பெட்டி, மருமகளின் ஊசிப் பெட்டி. எழுபத்தொரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்கு உலகத்தில் எல்லாமே தனக்கு வந்த கடிதம்தான். "படிச்சா மட்டும் போதாது மாமா, தினம் நாலு வரி எழுதுங்க" என்று மருமகள் இந்த நோட்டை வாங்கித் தந்தாள். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

நாளைக்கு என் தகரப்பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்கள்.

மார்ச் 4

படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 5

எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மரக்கிடங்கில் கிரேன் சாய்ந்து என் கூட்டாளி செத்தான். அவன் கிரேன் ஓட்டுபவன். நான் கீழே நின்று மரத்துக்குக் கொக்கி மாட்டுபவன். மறுநாள் மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டி, "நீ அங்க இருந்தேங்கறதுக்கு சாட்சி, அவ்வளவுதான். விரலை வை" என்றார். வைத்தேன். ஒரு நகலும் தந்தார். பெரிய மனுஷனைப்போல அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதில் இருப்பது இது: 'அவர் அன்று குடித்திருந்ததை நான் நேரில் கண்டேன்.'

டீயைத் தவிர அவன் எதையும் குடித்ததில்லை. நானா கண்டேன்?

குடித்துவிட்டு ஓட்டினான் என்று கிடங்கில் பேசியபோதெல்லாம், எந்தப் பாவி கட்டிவிட்ட பொய் இது என்று திட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் என்னையே திட்டியிருக்கிறேன்.

மார்ச் 6

மருமகளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு, "அவர் சம்சாரம் இருக்காங்களா மாமா?" என்றாள்.

இருக்கிறாள். தபால் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சபைக்கு ஞாயிறுதோறும் போகிறாளாம். எங்கள் சர்ச்சில் மணி அடிப்பவர் சொன்னார். "அது பேசாத சபைப்பா. உன்னை மாதிரி ஆளு போனா வாய் துருப்பிடிச்சிடும்" என்று சிரித்தார். அவள் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. சபையென்றால் நாலு பேர் இருப்பார்கள், அடிக்கமாட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

இதெல்லாம் ஒரு ஆராதனையா?

போதகர் இல்லை, பாட்டு இல்லை, மேடைகூட இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டாக்டருக்குக் காத்திருப்பதுபோல இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சர்ச்சில் ஆண்டவருக்குக் காது மந்தமோ என்னும்படி பாடுவோம். இங்கே அவர் அசந்து தூங்குகிறார், எழுப்பிவிடாதே என்பதுபோல இருக்கிறார்கள்.

பக்கத்திலிருந்தவர் கிசுகிசுத்தார்: "யாருக்குச் சொல்லணும்னு தோணுதோ எந்திரிச்சு சொல்லலாம். யாரும் பதில் சொல்லமாட்டாங்க."

அப்படியே நடந்தது. ஒரு ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, அண்ணனோடு பேசி ஆறு வருடமாயிற்று என்று சொல்லி உட்கார்ந்தார். ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தமே வராததுபோல இருந்தது.

எனக்கு நேரெதிரே அவள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 10

அந்தச் சபை தப்பு. ஆராதனையில் பாட்டு எதற்கு வைத்தார்கள்? மனுஷன் தன் நெஞ்சோடு தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான்.

இனி போகமாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். சட்டைப்பையில் காகிதம்.

பாதி நேரம் போனதும் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. சொல்லு என்று சொல்வாரில்லை, உட்காரு என்று சொல்வாரும் இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

முடிந்ததும் அவளே வந்தாள். "நல்லா இருக்கீங்களா அண்ணே? அவரோட வேலை பார்த்தவங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்களாவது வந்தீங்களே."

"நல்லா இருக்கேன் தங்கச்சி" என்றேன்.

"எம் மகன் இன்னும் அவர் படத்தை மாட்ட விடமாட்டேங்கறான். குடிகாரன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்ங்கறான். அவர் குடிக்கமாட்டார்டான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு."

காகிதம் பையில்தான் இருந்தது. ஒரு கை தூரம். கோழைப் பயலே.

மார்ச் 18

சோறு இறங்கவில்லை. "நான் வேணா போய் சொல்லட்டுமா மாமா?" என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். என் பேரில் அடுத்தவர் பேசியது ஒரு தடவை போதாதா?

மார்ச் 22, ஞாயிறு

எழுந்தேன். என் சொந்த வார்த்தை வராது என்று தெரியும். அதனால் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். ஒவ்வோர் எழுத்தாக, விரலை வைத்து. எத்தனை நிமிடமோ. 'குடித்திருந்ததை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தண்ணீர் தருவார்கள் என்று பார்த்தேன். யாரும் அசையவில்லை. படித்து முடித்து, "இது பொய். எனக்கு அப்போ படிக்கத் தெரியாது. ஆனா விரல் என்னோடதுதான்" என்றேன்.

பிறகு அரை மணி நேரம் மௌனம். அவள் தலையைத் தூக்கவே இல்லை. முடிந்ததும் எல்லாரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அவள் யாருக்கும் கைகொடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

எங்கள் சர்ச்சாக இருந்தால் யாராவது அழுதிருப்பார்கள். போதகர் என் தலையில் கை வைத்து மன்னிப்பு உண்டு என்றிருப்பார். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டிருப்பேன். இவர்கள் என்னுடையதை என்னிடமே விட்டுவிட்டார்கள். இது கொடுமையான ஆராதனை. பொய்யான ஆராதனை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

மார்ச் 24

கதவு தட்டினால் அவள் மகனோ என்று ஜன்னல் வழியே பார்க்கிறேன். பால்காரர்தான்.

மார்ச் 26, வியாழன்

அவள் மகன் வந்தான். பஸ் ஓட்டுகிறானாம், காக்கிச் சட்டையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அதே தோள், அதே கழுத்து. செத்தவனே எழுந்து வந்துவிட்டான் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அந்தக் காகிதத்தைக் குடுங்க பெரியவரே."

கொடுத்தேன். நான் தடவித் தடவிப் படித்ததை அவன் ஒரே மூச்சில் படித்துவிட்டான். மடித்துப் பையில் வைத்தான். அடிப்பான் என்று நின்றேன். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அப்பா என்ன பேசினாரு?"

"கிரேன்ல பிரேக் பிடிக்கல, மேஸ்திரிகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்னாரு."

"வேற?"

யோசித்தேன். "மகன் பல்வலியில ராத்திரி முழுக்க அழுதான், இன்னைக்குச் சீக்கிரம் போய் அவனை டாக்டர்கிட்ட காட்டணும்னாரு."

அவன் கை தானாகத் தாடைக்குப் போயிற்று.

"ஆமா" என்றான். "இந்தப் பக்கம்."