பீமில் ஒட்டிய கண்ணாடி

ஜூலை 9, புதன்

மும்பை மாட்டுங்காவில் அந்தப் பழைய கட்டடத்தைச் சோதிக்க இன்று மறுபடி போனேன். மூன்றாவது மாடி சமையலறை பீமில் ஒரு விரிசல். போன மாதம் அதன் குறுக்கே நான்தான் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்தேன். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் எங்கள் ஆபீசில் எல்லோரையும் காலி செய்யச் சொல்வார்கள்.

கண்ணாடி முழுசாக இருந்தது. தேதியும் அதேதான். ஆனால் நான் சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தேன். இது கண்மைப் பென்சில். சிமென்ட் இன்னும் சரியாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது.

நான் ஏறியிருந்த ஸ்டூலை அங்கே குடியிருக்கும் மாமி பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் பிளாஸ்டர் போட்டிருந்தாள்.

"உடையலையே சார்? அப்போ நாங்க காலி பண்ண வேண்டாமே?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

"எதிர் பில்டிங்காரா ரிப்பேர்னு போனா. ஏழு வருஷமாச்சு, ஒருத்தரும் திரும்பி வரலை" என்றாள்.

பழைய கண்ணாடி எத்தனை நாளில் உடைந்தது என்று மட்டுமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'கண்ணாடி உடையவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கொடுத்த காபியையும் குடித்தேன்.

ரிப்போர்ட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நாளை காலை ஆபீசில் கொடுக்க வேண்டும். இங்கே செம்பூரில் மழை வலுத்துவிட்டது. அங்கேயும் பெய்யும். ஹாலில் ஒழுகுகிறது என்று அவர்கள் சமையலறையில்தான் படுக்கிறார்களாம், அந்த பீமுக்கு நேர் கீழே.