பாதிப் பாதியாய்க் கேட்ட கச்சேரிகள்

பிப்ரவரி 4

நாத்தனாரைக் குளிப்பாட்டித் தலை துவட்டி நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அவளுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் தூக்க வரவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை: "அதில்ல." பசிக்கிறதா என்றால் அதில்ல. படுக்கிறாயா என்றால் அதில்ல. சிரிப்பு வந்தாலும் அதில்லதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே வீட்டை ஆட்டி வைக்கிறாள்.

மகன் வந்திருந்தான். "அத்தைய அந்த முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா. ஆள் வச்சு நல்லா பாத்துக்கறாங்க. ஒனக்கும் வயசாச்சுல்ல?"

"எனக்கு மட்டுமா ஆச்சு? ஒன் தலையப் பாரு மொதல்ல."

வழுக்கையைத் தடவிக்கொண்டே எழுந்தான். இந்த மாசம் பார்க்கலாம், அப்புறம் தான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். சொன்னால் செய்கிறவன். என் பிள்ளை இல்லையா.

அவன் தெருமுனை தாண்டியதும் அப்படியே கட்டிலில் சாய்ந்தேன். அவன் எதிரில் சாய மாட்டேன்.

பிப்ரவரி 7

பேத்தி வந்தாள். பேச்சு போனவர்களைப் பேச வைக்கிற படிப்பு படித்து, ஆஸ்பத்திரியில் தனி அறை, தனி மேஜை. வாசலில் அவள் பெயர்ப் பலகை. அதைப் பார்க்கவே ஒரு தடவை போனேன், உடம்புக்கு ஒன்றுமில்லாமல். இந்த வீட்டில் ஐந்தாவதைத் தாண்டாதவள் நான். என் பேத்தி எத்தனையாவது என்று எனக்கு எண்ணவே தெரியாது.

நாத்தனார் அவளுக்குச் சின்னப் பாட்டி. அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "பாட்டி, பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு தங்கியிருக்கும். ரெண்டு பேரும் அந்தக் காலத்துல கச்சேரி கச்சேரின்னு அலைஞ்சவங்கதானே? பாடிப் பாருங்க."

"நானா? நான் பாடினா இருக்கற ஒரு வார்த்தையும் போயிடும்டி."

நாத்தனார் தோள் குலுங்கச் சிரித்தாள். அதில்ல, அதில்ல என்றாள். ஆமாம் என்றுதான் அர்த்தம், எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 9

கச்சேரி கேட்டோம் என்று பேத்திக்குத் தெரியும். எப்படிக் கேட்டோம் என்று தெரியாது.

மாமியார் படுத்த படுக்கையாகி வருஷக்கணக்காகக் கிடந்தார். வீட்டுக்காரருக்கு இரவு வேலை. நாத்தனார் கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்தாள். இரண்டு பேரில் ஒருத்தி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அடுத்த தெரு மண்டபத்துக்கு எங்கள் பாட்டுக்காரர் வருஷா வருஷம் வருவார். ஒரு டிக்கெட் எடுப்போம். முதல் பாதி எனக்கு. இடைவேளை மணி அடித்ததும் ஓட்டமாய் வீட்டுக்கு வருவேன், அவள் ஓட்டமாய்ப் போவாள். வழியில் நடுத்தெருவில் சந்திப்போம். "மருந்து குடிச்சாச்சு, துணி மாத்தணும் அண்ணி" என்பாள் அவள். "தொண்டை இன்னிக்கு நல்லா இருக்கு, சீக்கிரம் போ" என்பேன் நான். டிக்கெட் கிழிக்கிறவர், "இடைவேளைல ஆள் மாறி உள்ள போற சீட்டு இது ஒண்ணுதான்" என்று சிரிப்பார்.

அவள் திரும்பி வந்து தன் பாதியை முனகிக் காட்டுவாள். நான் என் பாதியைச் சொல்வேன். விடியும் வரை சில நாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு கச்சேரியைக்கூட முழுசாகக் கேட்டதில்லை, இரண்டு பேரும்.

பிப்ரவரி 10

முதுகு வலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

என் பாதிப் பாட்டுகளைப் பாடிப் பார்த்தேன். படகுப் பாட்டு, பிறகு அந்த மெதுவான ஒன்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில்ல.

படுத்த பிறகு யோசித்தேன். ஒரு வருஷம் பாடும்போது கரண்ட் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. பாட்டுக்காரர் நிறுத்தாமல் மேடை ஓரம் வரை வந்து வெறும் தொண்டையில் பாடினார். யாரோ ஒருவர் தீக்குச்சி கிழித்துக் கிழித்துப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் அவர் தாடை தெரிந்ததுகூட நினைவிருக்கிறது.

ஆனால் அது இரண்டாம் பாதி என்றல்லவா அவள் சொல்வாள்? அப்படியானால் நான் வீட்டில் மாமியாருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தாடையை யார் பார்த்தது? அவள் சொன்னதை நான் பார்த்ததாக வைத்துக்கொண்டேனா? எது என் கண், எது அவள் வாய்? கேட்கலாம் என்றால் பதில் எனக்கே தெரியும்.

பிப்ரவரி 16

விழுந்துவிட்டோம். இரண்டு பேரும். குளியலறையில். நல்லவேளை எலும்பு ஒன்றும் போகவில்லை. நான் கீழே, அவள் என்மேல். எழுந்திருக்க முடியவில்லை. கத்தவும் வெட்கம். கத்தினால் மகனுக்குத் தெரியும் — தெரிஞ்சா அவ்ளோதான், கையோட கூட்டிட்டுப் போயிடுவான். ஈரத் தரையிலேயே கிடந்தோம். அவள் அழுதாள். "அழாதடி, எனக்கு ஒண்ணுமில்ல, நீதான் கனமா இருக்க" என்றேன். கடைசியில் மாடி வீட்டுத் தையல்காரரைத்தான் கூப்பிட்டேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டே கைகொடுத்துத் தூக்கினார். பாவம், நல்ல மனுஷன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"நான் சொல்லலம்மா. ஒங்க கை சொல்லுது" என்றார்.

மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. என்னால முடியலையே. இங்க மட்டும் எழுதிக்கிறேன். முடியல.

பிப்ரவரி 19

இன்று பாடினாள்!

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். துணி மடித்துக்கொண்டே, யோசிக்காமல், மழைப் பாட்டை முனகினேன். அது அவள் பாதி. நான் மண்டபத்தில் கேட்டதே இல்லை, அவள் வாயால் கேட்டதுதான். இரண்டாவது வரியில் மேலே ஏற்றினேன். அவள் இடது கையால் நாற்காலியைப் பட்டென்று அடித்தாள். திரும்பவும் பாடினேன், திரும்பவும் அடி. கையைக் கீழே கீழே என்று அழுத்திக் காட்டுகிறாள், முகமெல்லாம் கோபம். "எனக்கென்னடி தெரியும், நீ சொல்லிக் கொடுத்த லட்சணம்" என்றேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து அந்த வரியைப் பாடினாள். வார்த்தையோடு. முழு வரி. கொஞ்சம் குழறல், ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

ரோஷம்தான் அவளைப் பாட வைத்தது. தெரிந்திருந்தால் முதல் நாளே தப்பாகப் பாடியிருப்பேனே.

பேத்திக்குப் போன் போட்டேன். எந்த வரி, எந்த வரி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். படித்தவள்தான், ஆனாலும் என் ரத்தம்.

பிப்ரவரி 22

பாடுகிறாள், ஆனால் தண்ணீர் என்று கேட்க வரவில்லை. கழிவறை என்றும் வரவில்லை. பாட்டு முடிந்தால் அதில்லதான்.

பிப்ரவரி 27

மகனும் பேத்தியும் வந்தார்கள். தையல்காரர் சொல்லவில்லை, என் கைதான் சொன்னது. "இப்பப் பாடறா, இனிமே எதுக்கு இல்லம்?" என்றேன்.

பேத்தி என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "பாட்டி, பாடறது வேற, எழுந்து நிக்கறது வேற. தூக்கறதுக்கு ஆள் வேணும். ஒங்களையும் சேத்துத் தூக்கற நிலைமை வந்துடும்" என்றாள். ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பிறகு அவள் செய்ததை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. சின்னப் பாட்டியிடமே கேட்டாள். போனில் இரண்டு படம் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று எங்கள் வீட்டு வாசல். ஒன்று இல்லத்து அறை. "எங்க இருக்கணும் சின்னப் பாட்டி? தொட்டுக் காட்டுங்க."

நாத்தனார் இல்லத்தைத் தொட்டாள்.

"தெரியாமத் தொட்டுட்டா" என்றேன். பேத்தி படங்களை இடம் மாற்றிக் கேட்டாள். திரும்பவும் அதையே தொட்டாள்.

"நான் என்னடி கொறை வச்சேன்?" என்று கத்திவிட்டேன். அவள் என் வீங்கின கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை, சும்மா வைத்துக்கொண்டாள். அவள் அம்மாவை நாங்கள் இரண்டு பேராகப் பார்த்தோம். இவளை நான் ஒருத்தி. அவளுக்குக் கணக்குத் தெரியாதா என்ன.

மார்ச் 3

கொண்டு போய் விட்டோம். வீட்டில் சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கலாம். தூக்கம் வரவில்லை.

மார்ச் 18

நான்கு மணி பஸ்ஸில் போனேன். தினமும் போகிறேன். இன்று பாடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு வரி கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறேன், மாதக்கணக்கில் சேர்ந்த தூக்கம். கண் விழித்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்கிற பெண், "ஒங்க நாத்தனார் யாரையும் இந்தப் பக்கம் விடல. சத்தம் போடாதீங்கன்னு கைய ஆட்டி ஆட்டியே வெரட்டிட்டாங்க" என்றாள். நாத்தனாரின் போர்வை என் காலில் கிடந்தது.

கிளம்பும்போது நாத்தனார் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தாள். அதில்ல வரும் என்று நின்றேன். "நா... நாளைக்கு?" என்றாள். பாட்டு இல்லை. பேச்சு.

வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நாளைக்கு முடியாதுடி. ஒடம்பு அலுப்பா இருக்கு. நாளான்னிக்கு வரேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.