கரியின் மேல் வெள்ளையடிக்க விடமாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். பயப்படாமல் படியுங்கள்: நான் நடத்தும் பெண்கள் விடுதியில் மின்கசிவால் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை, கூடம் மட்டும் கரியாகிவிட்டது.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ரேணுகாம்பாள் வந்து பார்த்தார்.

"இது அக்னி ஸ்தலம்மா. மலையே உங்கள போகச் சொல்லுது. காலி பண்ணிடுங்க, பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்களுக்கு ரூம் விட்டுக்கறேன்."

"மலை சொல்லலீங்க, உங்க பழைய வயரிங்தான் சொல்லுச்சு."

"படிச்சவங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டு, மறுநாளே கரியின் மேல் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். சுண்ணாம்பு காய்ந்ததும் கறை மஞ்சளாக ஊறி வெளியே வந்தது.

அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, நானும் விடுதிப் பெண்களும் சோப்புத் தண்ணீரால் சுவரைக் கழுவுகிறோம். புது வயரிங் போடாமல் சுண்ணாம்பு வாளி உள்ளே வரக்கூடாது, எப்படியும் நாங்கள் வெளியே போகமாட்டோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். சுவர் துடைக்க உங்கள் பழைய வேட்டிகள் இரண்டை அனுப்புங்கள். துணி இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

பெண்கள் கூப்பிடுகிறார்கள். மேல்சுவருக்கு எட்டும் உயரம் எனக்குத்தான் இருக்கிறது.

உங்கள் மகள்,
தமயந்தி