கத்திரி வெயிலில் ஹீட்டர் போட்ட நாள்

அன்புள்ள மாமா,

நேற்று வைகைப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. கார் கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு விட்டது போல மங்கிப் போனது. என் கை தானாகப் போய் ஹீட்டரைத் திருகியது. இந்தக் கார் வாங்கியதிலிருந்து நான் ஒரு நாளும் தொடாத குமிழ் அது. முதலில் வந்த காற்றில் சுட்ட தூசியும் ரப்பரும் கலந்த வாசனை. பக்கத்தில் இருந்த உங்கள் பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இந்த நாத்தம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்குத் தெரியாது, அப்ப நீ கைக்குழந்தை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும்போல இருந்தது.

நீங்கள் சிம்மக்கல்லில் கயிறும் சாக்கும் மொத்த வியாபாரம் செய்தவர். கண்ணில் புரை எடுத்த பிறகும் தூரப் பார்வை தெளியாததால் உங்கள் பழைய வெள்ளைக் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். விற்கவும் மனசில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரிய வந்தது. தெரிந்த அன்றே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இடப்பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். மாமிக்குத்தான் கொஞ்ச நாள் அது செரிக்கவில்லை. "மருமக ஓட்ட, மாமனாரு பக்கத்துல உக்காந்து போறாரு, ஊரே பாக்குது" என்பார்கள். "பாக்கட்டும். நல்லாத்தான ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேப்பரை விரிப்பீர்கள்.

எனக்கு அரசாங்க நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது அப்போதுதான். கொடைக்கானலையும் தாண்டி மேலே ஒரு மலைக்கிராமத்து ஆஸ்பத்திரி. உங்கள் மகன் சவூதியில் இருந்தார். பாப்பா இன்னும் பால்குடி மறக்கவில்லை, நெஞ்சில் சளி கட்டினால் இழுப்பு வேறு. வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு சனிக்கிழமை இறங்கி வரலாம் என்று நாம் கணக்குப் போட்டோம். ஜூனில் போய்ச் சேர வேண்டும். இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று மே மாதத்தில் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு நாம் இருவரும் கிளம்பினோம்.

மதுரையில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்ததால் ஒருவரும் ஸ்வெட்டர் எடுத்து வைக்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடைக்கானலைத் தாண்டியதும் கோடை மழை பிடித்தது. கூடவே மேகமும் இறங்கியது. கண்ணாடி உள்ளே வேர்த்து வழிந்தது. ஹீட்டரை முழுசாகத் திருப்பியும், காய்ச்சல்காரன் மூச்சளவுகூடச் சூடு வரவில்லை. நான் முக்காட்டால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். ஒரு வளைவில் எதிரே வந்த லாரி கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். பாப்பாவுக்கு இழுப்பு ஆரம்பித்திருந்தது. நீங்கள் ஜிப்பாவைக் கழற்றி அவளைச் சுற்றிவிட்டு, வெறும் பனியனோடு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மேகம் விலகியதும் ஆஸ்பத்திரியைப் பார்க்காமலே திரும்பினோம்.

அன்று சாயங்காலம் உங்கள் மகன் போனில், "வேண்டாம், வேலைய விட்டுரு" என்றார். மாமியும் அதையேதான் சொன்னார்கள். நானும் உங்களிடம் வந்து, "விட்டுரலாம் மாமா" என்றேன். நீங்கள், "நாளைக்கு வண்டியக் காட்டுவோம்" என்றீர்கள்.

மெக்கானிக் செல்வத்துக்கு நாம் கேட்டது முதலில் விளங்கவே இல்லை.

"ஹீட்டரா பாய்? மதுரைலயா? கண்ணாடிய எறக்கி விட்டா அதுதான ஹீட்டரு."

"மலைக்குப் போகணும்ப்பா. கைப்பிள்ள வருது."

அவர் ஃபேனைப் போட்டுப் பார்த்தார். காற்று வந்தது. "காத்து வருதே. நம்ம கடைல இதுவரைக்கும் ஒருத்தரும் ஹீட்டர் சரியில்லன்னு வந்ததில்ல பாய். எனக்கே இது புதுசு" என்று உள்ளதைச் சொன்னார். ஆனாலும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. எஞ்சினில் சூடான தண்ணீர் ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். ஃபேன் அதன்மேல் ஊதுவதுதான் ஹீட்டர் என்று பானெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நான் இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது. இன்னொன்று சில்லென்று இருந்தது.

எனக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம். வார்டில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்ப்போம். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் அந்தக் காலில் ரத்தம் ஓடவில்லை. "உள்ள அடைப்பு இருக்கு மாமா" என்றேன். நீங்களும் குனிந்து இரண்டு குழாயையும் மாறி மாறித் தொட்டீர்கள். "ஆமா, இதுக்கு உசுரு இல்ல" என்றீர்கள்.

வண்டி ஆறியதும் செல்வம் இரண்டு குழாயையும் கழற்றி, தண்ணீர்ப் பைப்பை எதிர்ப்பக்கமாகச் சொருகித் திறந்துவிட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு இருமல் மாதிரிச் சத்தம். அதன்பின் டீ டிக்காஷன் நிறத்தில் சேறும், பொடிப்பொடியாக உப்புப் பாளமும் வந்து விழுந்தன. செல்வம் உங்களைப் பார்த்தார்.

"பாய், ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நம்ம வீட்டு போர் தண்ணிதான்."

"அத நீங்க குடிப்பீங்களா?"

"சேச்சே. உப்புக் கரிக்கும்."

சொல்லிவிட்டு நீங்களே நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, கூலண்ட் ஊற்றி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு மூடினோம். ஹீட்டரைத் திருப்பினால் சுடச்சுடக் காற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நீங்கள்தான் விடவில்லை. "நின்ன எடத்துல சுடுது. ஓடும்போது பாக்கணும்ல" என்று என்னைச் சமயநல்லூர் பக்கம் ஓட்டச் சொன்னீர்கள். நால்வழிச் சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே காற்றின் சூடு குறைந்துவிட்டது. நீங்கள் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மானியைச் சுட்டிக் காட்டினீர்கள். "அந்த முள்ளப் பாரு. அன்னைக்கு மலைலயும் இதே கூத்துதான். ஏத்தத்துல நடுவுக்கு வந்துச்சு. மேல போயி வண்டி லேசா ஓட ஆரம்பிச்சதும் கீழ படுத்துக்கிருச்சு. பக்கத்துல சும்மா உக்காந்திருக்கவனுக்கு அதப் பாக்குறதவிட வேற என்ன வேல?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நான் அந்த முள்ளைப் பார்க்கவே இல்லை மாமா. காற்றுப் பட்டதும் எஞ்சினே ஆறிப்போகிறது என்றால், ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்?

திரும்பி வந்து சொன்னதும் செல்வம் தலையில் தட்டிக்கொண்டார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு ஒன்று உண்டாம். "நம்ம ஊரு வெயிலுக்கு வண்டி சூடாயிரும்னு பயந்து, முக்காவாசிப் பேரு அதக் கழட்டித் தூக்கிப் போட்டுருவோம். நானே எம்புட்டு வண்டில கழட்டிருக்கேன்" என்றார். திறந்து பார்த்தபோது அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. புதுசு வாங்கி மாட்டினோம்.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில் மறுபடியும் சமயநல்லூர் சாலை. "எல்லாக் கண்ணாடியையும் ஏத்து. மலைல எப்படிப் போவமோ அப்படியே போவோம்" என்றீர்கள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே நான் ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. வேகத்தைக் கூட்டினேன், அசையவில்லை. காற்று இட்லிக் கொப்பரையைத் திறந்தது மாதிரி முகத்தில் அடித்தது. உங்கள் ஜிப்பா உடம்போடு ஒட்டிக்கொண்டது. தாடியிலிருந்து வேர்வை சொட்டியது.

"போதுமா மாமா?"

"இன்னுங் கொஞ்சம். முள்ளு எறங்குதான்னு பாப்போம்."

"முள்ளு எறங்காது. நாமதான் எறங்கப் போறோம்."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் சாலையோரம் ஒரு நுங்குக் கடை முன்னால் நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கியபோது, அந்தக் கத்திரி வெயில் நம் இருவருக்கும் சில்லென்று இருந்தது. நுங்கு சீவிக்கொண்டிருந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏசி ரிப்பேராண்ணே?"

"இல்லத்தா. ஹீட்டரு ரிப்பேரா இருந்துச்சு. இப்பச் சரியாயிருச்சு."

உங்கள் பதிலைக் கேட்டதும் அவர் என் பக்கம் திரும்பி, "பெரியவர நெழல்ல உக்கார வைம்மா" என்று மெதுவாகச் சொன்னார். வெயிலில் உங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை மாமியிடம் சொன்னபோது, மருமகள் வண்டி ஓட்டுகிறாளே என்ற குறையை முதல்முறையாக மறந்து மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜூனில் மலை ஏறினோம். அதே இடத்தில் அதே மேகம். கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே போய், சாலை முழுதாகத் தெரிந்தது. பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இந்தத் தடவை மறக்காமல் போட்டு வந்த ஸ்வெட்டரை நீங்கள் புழுக்கம் தாங்காமல் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, திங்கள்கிழமை ஏறுவதற்கும் சனிக்கிழமை இறங்குவதற்கும் நீங்கள் துணைக்கு வந்தீர்கள்; நடு நாட்களில் பாப்பாவோடு அங்கேயே தங்கினீர்கள். பாப்பா முதலில் ஓடப் பழகியது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். அவள் முன்னால் ஓட, அந்த மலையில் விளையும் பூண்டை மூட்டையாகத் தூக்கி வருபவர்களோடு சாக்கின் தரத்தைப் பற்றிப் பேசியபடி நீங்கள் பின்னால் போவீர்கள்.

நீங்கள் காலமாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லாரும் போன பிறகு, உங்கள் மகன் என்னிடம் ஒன்று சொன்னார். வேலையை விடச் சொல்லி அவர் எனக்குப் போன் செய்தாரே, அதற்கு மறுநாள் காலையில் நீங்கள் அவரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். திட்டவில்லையாம். "கோளாறு வண்டில இருக்கு, அவகிட்ட இல்ல. வண்டிய நாங்க பாத்துக்கிறோம். நீ இனிமே அவகிட்ட அந்தப் பேச்ச எடுக்காத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்களாம். செல்வத்திடம் போவதற்கு முன்பே, ஹீட்டர் சரியாகுமா என்று யாருக்கும் தெரியாதபோதே அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். அத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்குப் பொறுப்பு. புதிதாக வரும் நர்ஸ்கள் அழுதுகொண்டு வந்து, எனக்கு இந்த வேலை சரிப்படாது மேடம் என்பார்கள். போன வாரமும் ஒருத்தி வந்தாள். நான் அவளிடம் நைட் டியூட்டி முடிந்து எந்த பஸ்ஸில் போகிறாய், வீட்டில் குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். டியூட்டி முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் ஊருக்குக் காலையில் முதல் பஸ்ஸே வரும் என்றாள். அவளுடைய நேரத்தை மாற்றிப் போட டியூட்டி சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவளை என் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

உங்கள் மருமகள்